முதல் முட்டை ஏன் கோணல்மாணலாக வருகிறது?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஆறு வெடைக்கோழிகள் வளர்க்கிறோம். எல்லாம் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள். நாலு முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினம், ரெண்டு நாட்டு இனம். இப்போது 20 வாரம் ஆகிறது. சீக்கிரம் முட்டை வரட்டும் என்று 12-வது வாரத்திலிருந்தே லேயர் தீவனம் (முட்டையிடும் கோழிக்கானது) கொடுக்கிறோம். கூண்டில் ராத்திரி முழுக்க ஒரு பல்பும் எரிகிறது. போன வாரம் கலப்பினக் கோழி ஒன்று முதல் முட்டை போட்டது. புறா முட்டை அளவுதான் இருந்தது, ஓட்டில் ரத்தக் கீற்று வேறு. உடைத்துப் பார்த்தால் மஞ்சள் கருவே இல்லை. மறுநாள் காலையில், கோழிகள் அடையும் கட்டைக்குக் கீழே ஓடே இல்லாத தோல்முட்டை கிடந்தது. பிறகு ரெண்டு நாள் நல்ல முட்டை, ஒரு நாள் ஒன்றுமில்லை. இன்னொரு கோழி, நான் கிட்டே போனாலே இறக்கையை லேசாக விரித்துக்கொண்டு தரையோடு பதுங்கிவிடுகிறது. காலில் பலமில்லையோ என்று பயமாக இருக்கிறது. தண்ணீரில் கால்சியம் டானிக் கலந்து கொடுக்கலாமா? சேவல் இல்லாததால்தான் இப்படியா? மற்றவை எப்போது போடும்? பெட்டி வைத்திருந்தும் ஒரு கோழி செடி மறைவில் போய்ப் போடுகிறது. பத்து நாள் முன்புதான் குடற்புழு மருந்து கொடுத்தோம். இந்த முட்டைகளைச் சாப்பிடலாமா?

பதில்:

வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதில் நோய்க்கான அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. மஞ்சள் கரு இல்லாத முட்டை, தோல்முட்டை, ரத்தக் கீற்று, நடுவில் ஒரு நாள் விடுமுறை எல்லாமே புதிதாக முட்டைக்கு வரும் கோழியிடம் எதிர்பார்க்க வேண்டியவைதான். பதுங்கி உட்காரும் கோழிக்கும் காலில் ஒரு குறையும் இல்லை. எனக்கு உறுத்துவது இரண்டு விஷயங்கள். ஒன்று 12-வது வாரத்திலிருந்து போகும் லேயர் தீவனம், இன்னொன்று அந்தப் பல்பு. இரண்டும் கோழியை அவசரப்படுத்த நீங்கள் செய்தவை. அவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன் கோழியின் உடம்புக்குள் நடப்பதைச் சொல்லிவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

இன்னும் முட்டையிடாத வெடையாக இருக்கும்வரை கோழியின் முட்டைக் குழாய் மெல்லிய நாடாவாகச் சுருங்கிக் கிடக்கும். முட்டைக்கு வருவதற்கு முந்தைய சில வாரங்களில் ஹார்மோன்கள் சுரக்கத் தொடங்கியதும் அது கிடுகிடுவென்று வளர்ந்து 60, 70 செ.மீ. நீளத்துக்கு வந்துவிடும். சினைப்பையிலிருந்து விடுபடும் மஞ்சள் கரு முதலில் இந்தக் குழாயின் விரிந்த வாயில் விழ வேண்டும். அங்கே கால் மணி, அரை மணி நேரம். அடுத்த பகுதியில் சுமார் 3 மணி நேரம் தங்கும்போது வெள்ளைக்கரு சேர்கிறது. அதற்கடுத்த குறுகலான பகுதியில் ஒன்றேகால் மணி நேரத்தில் இரண்டு சவ்வுகள் போர்த்தப்படுகின்றன. கடைசியாக ஓடு உருவாகும் அறை. அங்கேதான் ஏறக்குறைய 20 மணி நேரம் தங்குகிறது. பழுப்பு ஓடு போடும் இனங்களில் நிறம் ஏறுவது கடைசிச் சில மணி நேரத்தில்தான். எல்லாம் சேர்த்து 24 முதல் 26 மணி நேரம்.

இத்தனை பகுதிகளும் ஒன்றுக்கொன்று நேரம் தப்பாமல் ஒத்துழைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் அந்த ஒத்துழைப்பு இன்னும் கூடிவந்திருக்காது. மஞ்சள் கரு வராமலே, உள்ளே உதிர்ந்த ஒரு சிறு திசுத்துணுக்கைக் கருவென்று எடுத்துக்கொண்டு குழாய் அதைச் சுற்றி வெள்ளைக்கருவையும் ஓட்டையும் கட்டிவிடும். உங்கள் வீட்டுப் புறா முட்டை அப்படி வந்ததுதான். ஒரே சமயத்தில் இரண்டு கருக்கள் விடுபட்டால் இரட்டைக்கரு முட்டை. இனிமேல் அதுவும் ஒன்றிரண்டு வரலாம், ஆச்சரியப்படாதீர்கள். ஓடு உருவாகும் அறையில் தங்க வேண்டிய நேரம் தங்காமல் முட்டை முன்கூட்டியே வெளியேறிவிட்டால் தோல்முட்டை. அது கட்டைக்குக் கீழே கிடந்ததற்கும் இதுதான் காரணம். காலையில் பெட்டிக்குப் போய் உட்கார வேண்டிய முட்டை, ராத்திரி கோழி அடைந்திருக்கும்போதே நழுவி விழுந்திருக்கிறது. பழுப்பு முட்டையின் நிறம் ஒரு நாள் வெளிறியிருந்தாலும் காரணம் பெரும்பாலும் இதேதான், கடைசி மணி நேரங்கள் குறைந்துவிட்டன.

ஓட்டின்மேல் இருந்த ரத்தக் கீற்று, இதுவரை விரியாத வழி முதன்முறை விரிந்ததால் வந்தது. சின்னக் கீறல், தானே ஆறிவிடும். முட்டையை உடைத்தால் உள்ளே மஞ்சள் கருவின்மேல் ரத்தப் பொட்டு தெரிவது வேறு சமாச்சாரம். கரு விடுபடும்போது ஒரு நுண்ணிய ரத்தக்குழாய் அறுபட்டதன் அடையாளம் அது. அதிலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டில் ரத்தம் ஈரமாக, நிறையப் படிந்து, அதுவும் ஒரே கோழிக்கு நாள் தவறாமல் வந்தால் அந்தக் கோழியைப் பிடித்து ஆசனவாயைப் பாருங்கள். அங்கே சிவந்து புண்ணாகி இருந்தால் தனியே வையுங்கள். கோழிகளுக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது. ஒன்று ஆரம்பித்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும், குடல்வரை கொத்தி இழுத்துக் கொன்றுவிடுவதும் உண்டு.

ரெண்டு நாள் போட்டு ஒரு நாள் விட்டதற்கு விளக்கம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு முட்டை இட்டு அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் அடுத்த கரு விடுபடும். சுற்று 24 மணி நேரத்தைத் தாண்டுவதால் இன்று எட்டு மணிக்குப் போட்ட கோழி நாளை ஒன்பது, ஒன்பதரைக்குப் போடும். இப்படித் தள்ளிக்கொண்டே போய்ப் பிற்பகலைத் தொட்டதும் கருவை விடுவிக்கும் ஹார்மோன் சுரக்கும் வேளையும் இதுவும் பொருந்தாமல் போகும். கோழி ஒரு நாள் ஓய்வெடுத்து, மறுபடி காலையிலிருந்து தொடங்கும். முட்டைக்கென்றே தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனங்களில் இந்தத் தொடர் நீளமாக இருக்கும், நாட்டு இனங்களில் குட்டையாக இருக்கும். தினமும் ஒன்று என்று எந்தக் கோழியும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது தீவனம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்ற கால்சியத்தில் பாதிதான் உடம்பில் சேரும் என்பதால் முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு 4 கிராம் அளவுக்குத் தேவைப்படுகிறது. அதனால்தான் லேயர் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம்வரை வைக்கிறார்கள். வளரும் கோழிக்கு 1 சதவீதம் போதும். முட்டையே போடாத வெடைக்கு நாலு மடங்கு கால்சியத்தைக் கொடுத்தால் அதைச் செலவழிக்க அதற்கு வழியில்லை; சிறுநீரகம்தான் வெளியேற்றியாக வேண்டும். மாதக்கணக்கில் இந்தச் சுமை போனால் சிறுநீரகம் பழுதாகி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரேட் உப்பு சுண்ணாம்புப் பூச்சாக இதயத்தின்மேலும் கல்லீரல்மேலும் படியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் கோழி செத்துக் கிடக்கும். சீக்கிரம் முட்டை வரும் என்று லேயர் தீவனம் கொடுப்பதில் ஒரு பலனும் கிடையாது. முட்டையைக் கொண்டுவருவது வயது, உடல் எடை, வெளிச்சம் மூன்றும்தான். கால்சியம் வந்த முட்டைக்கு ஓடு போட மட்டுமே உதவும்.

உங்கள் கோழிகள் சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். எட்டு வாரம் அப்படிக் கொடுத்ததற்காகப் பதற வேண்டாம். ஆனால் இன்றிலிருந்து மாற்றுங்கள். ஆறில் ஒன்றோ இரண்டோதான் முட்டைக்கு வந்திருக்கின்றன. இந்தக் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாக, வளரும் கோழிக்கான குரோவர் தீவனம் போட்டு, இன்னொரு கிண்ணத்தில் கிளிஞ்சலைத் தனியாக வையுங்கள். போடுகிற கோழி தேடிப் போய்க் கொத்தும், போடாதது ஏறெடுத்தும் பார்க்காது. உடம்பின் தேவையறிந்து கால்சியத்தைத் தேடும் பசி கோழிக்கு உண்டு, அதை நம்பலாம். ஆறும் போட ஆரம்பித்த பிறகு லேயர் தீவனத்துக்குப் போங்கள், அதையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம் கலந்து கொடுத்து மாற்றுங்கள். தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம் இருக்கட்டும். தானியமும் சமையலறை மிச்சமும் கைப்பிடி அளவோடு நிற்க வேண்டும். வயிறு நிறைய தானியம் தின்ற கோழி தீவனத்தைத் தொடாது.

கிளிஞ்சல் மாவாக இருப்பதைவிடச் சிறு துண்டுகளாக இருப்பது நல்லது. ஓட்டின் பெரும்பகுதி ராத்திரியில்தான் உருவாகிறது, அப்போது கோழி தின்பதில்லை. பெரிய துண்டுகள் அரைப்பையில் தங்கி மெள்ள மெள்ளக் கரைந்து ராத்திரி முழுக்கக் கால்சியம் கொடுத்துக்கொண்டிருக்கும், தூள் அதற்குள் கடந்து போய்விடும். போதாததற்குக் கோழி தன் எலும்பிலிருந்தும் எடுக்கும். முதல் முட்டைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடையெலும்பு போன்றவற்றின் உட்குழியில் ஒரு தனி எலும்புச் சேமிப்பை அது கட்டத் தொடங்குகிறது. பால் கொடுக்கும் எந்த விலங்குக்கும் இந்த ஏற்பாடு இல்லை. இயற்கையின் ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இதுவும் ஒன்று.

இதனால்தான் தண்ணீரில் டானிக் கலக்க வேண்டாம் என்கிறேன். தண்ணீரை ஆறு கோழியும் குடிக்கும். தேவையில்லாத நாலுக்கும் அது போய்ச் சேரும். போதாக்குறைக்கு, தண்ணீரின் சுவை மாறினால் கோழி குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். முட்டையில் முக்கால்வாசி தண்ணீர்தான். ஒரு கோழி நாளைக்கு கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும், வெயில் காலத்தில் அதைப்போல இரண்டு மடங்கு. சில மணி நேரம் பாத்திரம் காலியாகக் கிடந்தாலே முட்டையில் தெரியும். டானிக் வாங்கும் பணத்தில் நிழலில் இன்னொரு தண்ணீர்ப் பாத்திரம் வையுங்கள். வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அந்த வாயுவிலிருந்துதான் உருவாகிறது என்பதால் கடும் வெயில் நாட்களில் கால்சியம் நிறைய இருந்தாலும் ஓடு மெலியும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அங்கே மருந்தைவிட நன்றாக வேலை செய்யும். காலை வெயில் மட்டும் கட்டாயம் படட்டும். வைட்டமின் டி இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் ஏறாது.

பல்பை இன்றே அணையுங்கள். கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் ஊடுருவும் வெளிச்சத்தையும் அதன் மூளை நேரடியாக உணர்கிறது. பகல் நீண்டுகொண்டே போகிறது என்று தெரிந்தால் இனப்பெருக்க ஹார்மோன்கள் சுரக்கும். ஆகவே விளக்கு போட்டால் முட்டை சீக்கிரம் வரும் என்று உங்களிடம் யாரோ சொன்னதில் உண்மை இருக்கிறது. வினையும் அதில்தான் இருக்கிறது. இடுப்பும் உடம்பும் முதிராத வெடையை வெளிச்சம் காட்டி முட்டைக்குத் தள்ளினால் முட்டை நெடுநாள் சிறுத்தே வரும். பெரிய முட்டை ஒன்று வரும் நாளில் முட்டைக் குழாயே வெளியே பிதுங்கிவிடும் ஆபத்தும் கூடும். ராத்திரி முழுக்க வெளிச்சம் இருந்தால் தூக்கமும் கெடும், தூங்காத கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். வீட்டுக் கோழிகளுக்குச் சூரிய வெளிச்சமே போதும் என்பது என் கருத்து. பகல் மிகவும் குறுகும் பருவத்தில் முட்டை நின்றுவிடாமல் இருக்க வேண்டுமானால், எல்லாக் கோழியும் போட ஆரம்பித்த பிறகு, வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டி, பகலும் விளக்குமாகச் சேர்த்து 14 மணி நேரம்வரை கொண்டுபோகலாம். 16 மணி நேரத்தை எப்போதும் தாண்டக் கூடாது.

அணைத்ததும் போடுகிற கோழி சில நாள் நிறுத்திவிடலாம். நிறுத்தட்டும். மறுபடி வரும்போது முட்டையும் ஓடும் தேறியிருக்கும்.

மற்றவை எப்போது போடும் என்று தேதி சொல்ல முடியாது, ஆனால் எது கிட்டே வந்துவிட்டது என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியும். முட்டைக்கென்று உருவாக்கிய கலப்பினங்கள் 18 முதல் 22 வாரத்தில் வந்துவிடும். நாட்டு இனங்களும் கனத்த உடம்புள்ள இனங்களும் 24 வாரத்துக்கு மேல்தான், 28-ஐத் தாண்டுவதும் சகஜம். ஆகவே உங்கள் நாட்டுக்கோழிகள் இரண்டும் இன்னும் ஒன்றிரண்டு மாதம் சும்மா மேய்ந்துகொண்டிருந்தால் அவற்றைத் தப்புச் சொல்லாதீர்கள். கொண்டையையும் தாடியையும் பாருங்கள். வெளிறிய இளஞ்சிவப்பில் சிறுத்து இருந்தால் நாள் இருக்கிறது. பருத்துச் செக்கச்செவேலென்று மாறினால் இரண்டு மூன்று வாரத்துக்குள் முட்டை வரலாம். கேறும் குரல் மாறும், மூலை முடுக்கெல்லாம் நுழைந்து வைக்கோலைக் காலால் கிளறி உட்கார்ந்து பார்க்கும்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? சாயங்காலம் அடைந்த பிறகு கோழியைச் சத்தமில்லாமல் எடுத்து மடியில் வைத்து, ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் துருத்தும் இடுப்பெலும்பு நுனிகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு விரல்தான் நுழைகிறது, எலும்பு விறைப்பாக இருக்கிறது என்றால் இன்னும் வெடைதான். இரண்டு, மூன்று விரல் தாராளமாக நுழைந்து, ஆசனவாய் அகன்று ஈரமாக இருந்தால் போடுகிறது அல்லது இன்றோ நாளையோ போடும். வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். தினம் பிடித்துத் தடவினால் கோழிக்கு வரும் பயமே முட்டையைத் தள்ளிப்போடும்.

உங்கள் பதுங்கும் கோழிக்கு இந்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை. சேவலுக்கு இணங்கி உட்காரும் நிலை அது. சேவல் இல்லாத இடத்தில் மேலிருந்து நீளும் உங்கள் கையையே சேவலாக எடுத்துக்கொண்டு உட்கார்கிறது. காலில் பலம் போன கோழி நீங்கள் விலகிய பிறகும் எழ முடியாமல் கிடக்கும், ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக நீட்டியிருக்கும், தீவனத்துக்கு ஓடி வராது. உங்களுடையது நீங்கள் நகர்ந்ததும் எழுந்து சிலிர்த்துக்கொண்டு போகிறதல்லவா? பெட்டியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு வாரத்தில் அதனிடமிருந்தும் முட்டை வரும்.

சேவலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முட்டை வருவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் தேவை.

செடி மறைவில் போடும் கோழிக்கு உங்கள் பெட்டி பிடிக்கவில்லை. ஏன் என்பதைப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். வெளிச்சம் நேரே விழுகிறதா? கோழிக்கு மங்கலும் மறைவும் வேண்டும், முன்னால் ஒரு துணியைப் பாதித் திரையாகத் தொங்கவிடுங்கள். அடையும் கட்டையைவிடப் பெட்டி உயரத்தில் இருக்கிறதா? அப்படியானால் ராத்திரி அதில்தான் போய் அடையும், காலையில் எச்சம் நிறைந்த பெட்டியில் எந்தக் கோழி முட்டையிடும்? பெட்டி எப்போதும் கட்டையைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் 30 செ.மீ. உள்ள பெட்டி ஒன்றை நாலைந்து கோழிகள் பகிர்ந்துகொள்ளும், உங்களுக்கு இரண்டு போதும். அடியில் வைக்கோலோ உலர்ந்த புல்லோ போட்டு, முட்டை அளவில் ஒரு மரக்கட்டை முட்டையையோ வழவழப்பான வெள்ளைக் கல்லையோ வைத்துவிடுங்கள். வேறொரு கோழி போட்ட இடம் பத்திரமான இடம் என்பது வெடைக்கோழியின் கணக்கு.

அது மட்டும் போதாது, பழக்கத்தை உடைக்க வேண்டும். பெரும்பாலான கோழிகள் விடிந்த ஐந்தாறு மணி நேரத்துக்குள் போட்டுவிடும். ஒன்றிரண்டு வாரத்துக்கு நண்பகல்வரை கூண்டைத் திறக்காதீர்கள். உள்ளே தீவனமும் தண்ணீரும் இருக்கட்டும். செடி மறைவில் உள்ள குழியை மூடிவிடுங்கள். சொல்ல மறந்துவிடப் போகிறேன்: வீட்டுக்கோழி முட்டையே போடவில்லை என்று என்னிடம் வரும் புகார்களில் கணிசமானவை புதருக்குள் பதினைந்து முட்டையோடு முடிந்திருக்கின்றன. உங்கள் நாட்டுக்கோழிகளில் ஒன்று மூன்று நாலு வாரம் கழித்தும் போடவில்லை என்று தோன்றினால், முதலில் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

முட்டைகளைக் காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் எடுத்துவிடுங்கள். தோல்முட்டை கண்ணில் பட்டால் உடனே அப்புறப்படுத்துங்கள். அது உடைந்து ஒரு கோழி ருசி கண்டுவிட்டால் நல்ல முட்டையையும் குத்திக் குடிக்கும், அந்தப் பழக்கத்தை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. முட்டை ஓட்டைத் திரும்பத் தீவனத்தில் போடுவதானால் நன்றாகக் காயவைத்து, வறுத்து, முட்டை என்றே தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போடுங்கள்.

சாப்பிடலாமா என்பதற்கு வருகிறேன். சின்ன முட்டை, இரட்டைக்கரு, ரத்தப் பொட்டு உள்ள முட்டை எல்லாம் தாராளமாகச் சாப்பிடக்கூடியவை. தோல்முட்டை வேண்டாம். ஓடு இல்லாததால் கிருமி நுழையத் தடையில்லை, அது எச்சத்தின்மேல் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதும் தெரியாது. நல்ல முட்டையின் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. முட்டை வெளியே வரும்போதே அவற்றை ஒரு மெல்லிய ஈரப்பூச்சு மூடி உடனே காய்ந்துவிடுகிறது. கழுவினால் அந்தப் பூச்சு போய்விடும். பச்சைத் தண்ணீரில் கழுவினாலோ உள்ளிருப்பது குளிர்ந்து சுருங்கி, அழுக்கையும் கிருமியையும் துளை வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடையுங்கள். ரொம்பவும் அசிங்கமாக இருப்பதை, சமைக்கும் நேரத்தில் முட்டையைவிடச் சூடான தண்ணீரில் கழுவி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் குடற்புழு மருந்து குறுக்கே நிற்கிறது. மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மருந்து கொடுத்த பிறகு முட்டையைச் சாப்பிடக் கூடாத விலக்குக் காலம் மருந்துக்கு மருந்து மாறும். சிலவற்றுக்கு விலக்கே கிடையாது, சிலவற்றை முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு மஞ்சள் கரு வேகமாகப் பருப்பதற்கு ஏறக்குறைய பத்து நாள் பிடிக்கிறது. அந்த நாட்களில் கோழியின் ரத்தத்தில் இருந்த மருந்து கருவிலும் படிந்திருக்கலாம், சமைத்தாலும் போகும் என்று நம்ப முடியாது. டப்பாவை எடுத்து லேபிளைப் படியுங்கள். அதில் முட்டையைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால், டப்பாவைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்வரை இந்த முட்டைகளைச் சாப்பிட வேண்டாம். குழந்தைகளுக்கு நிச்சயமாக வேண்டாம்.

கடைசியாக, காத்திருக்கக் கூடாத இரண்டு நிலைமைகள்.

ஒன்று முட்டை அடைத்துக்கொள்வது. கோழி வாலைத் தொங்கவிட்டு, உடம்பை நிமிர்த்தி நின்றுகொண்டு முக்கும், பெட்டிக்கும் வெளிக்குமாக அலையும், தீவனம் எடுக்காது, கொண்டை வெளிறும். கையில் வெதுவெதுப்பாகத் தாங்கும் தண்ணீரில் அதன் அடிப்பாகத்தைக் கால் மணி, இருபது நிமிடம் வைத்திருங்கள். ஈரத்தைத் துடைத்து, ஆசனவாயில் ஒரு சொட்டுச் சுத்தமான எண்ணெய் தடவி, வெதுவெதுப்பான இருட்டு மூலையில் தனியே விடுங்கள். பல கோழிகள் இதிலேயே போட்டுவிடும். சில மணி நேரத்தில் வரவில்லையென்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஓடு உருவாகும் அறை சுருங்கி முட்டையைத் தள்ளவும் கால்சியம்தான் வேண்டும், அதை ஊசியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். மறுநாள்வரை தள்ளிப்போட்டால் பிழைப்பது கடினம். வயிற்றை அமுக்கி முட்டையை வெளியே எடுக்கவோ உள்ளேயே உடைக்கவோ யார் சொன்னாலும் செய்யாதீர்கள், உடைந்த ஓடு உள்ளே கிழித்துவிடும்.

இன்னொன்று சதை வெளியே பிதுங்கி நிற்பது. முதல் வேலையாக அந்தக் கோழியை மற்றவற்றின் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரால் கழுவி, ஈரத் துணியால் மூடி, சதை காயாமல் பார்த்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இவை தவிர, மற்றதற்கெல்லாம் மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கலாம். ஒரு தாளில் எந்தக் கோழி, எந்த நாள், முட்டை எப்படி இருந்தது என்று மட்டும் குறித்து வாருங்கள். தீவனத்தையும் பல்பையும் மாற்றி மூன்று வாரம் ஆன பிறகும் தோல்முட்டை தொடர்ந்தால், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் சுருக்கம் விழுந்த ஓடும் தண்ணீராக ஓடும் வெள்ளைக்கருவும் உள்ள முட்டைகளைப் போட்டால், சளி, தும்மல், பச்சைக் கழிச்சல் எதையாவது பார்த்தால் அது புதிதாக முட்டைக்கு வரும் கோழியின் தடுமாற்றத்தில் சேராது. சுவாசக் குழாய் நோயோ, வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயோ இருக்கலாம். அப்போது மேற்கொண்டு பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே அந்தத் தாளையும், கெட்ட முட்டை ஒன்றையும், அன்று காலை போட்ட எச்சத்தையும், தீவனப் பையின் லேபிளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். 12-வது வாரத்திலிருந்து லேயர் தீவனம் போனதை அவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.